இருபத்தாறு வருஷம் தாமதமான பால்குடம்

நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்துகொண்டு பினாங்குக்குப் போகிறவனைவிடப் பெரிய முட்டாள் இருக்க முடியாது. ஊர் முழுக்கச் சாப்பாடு, தெருவுக்குத் தெரு அடுப்பு. ஜார்ஜ் டவுனில் டாக்ஸியை விட்டு இறங்கி மூச்சை இழுத்தேன். ஒரு பக்கம் வறுத்த மீன், இன்னொரு பக்கம் நண்டுக் குழம்பு, நடுவில் கழுத்தில் துளசி மாலையும் சட்டைப்பையில் மாரடைப்பு மாத்திரையுமாக நான். "மூக்கை மூடிக்கிட்டு நடங்க" என்றாள் என் மனைவி ராஜி. அவள் மட்டும் மூக்கை மூடவில்லை.

விரதம் அந்த ஊர்த் தண்ணீர்மலை முருகனுக்காக. இந்தத் தைப்பூசத்துக்கு அவருக்கு நான் பால்குடம் எடுக்க வேண்டும். வேண்டிக்கொண்டது நேற்றோ முந்தாநாளோ அல்ல, இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால். இத்தனை காலம் முருகனும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

எட்டு மாதம் முன்பு, திருச்சி உறையூரில் மோட்டார் காயில் கட்டுகிற என் கடையில், ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தேன். இரண்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வர ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "எமனையே பாத்துட்டு வந்திருக்கீங்க, அந்த நேரத்துல என்ன தோணுச்சு?" நான் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, "எல்லாம் அவன் செயல்" என்பேன். திருப்தியாகக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

உண்மையில் எனக்குக் கடவுளும் தோன்றவில்லை, பிள்ளைகளும் தோன்றவில்லை, ராஜிகூடத் தோன்றவில்லை. ஒரு கை தோன்றியது. நீல நிற ஐஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்திருக்கும் நான்கு விரல்கள், நுனியெல்லாம் வெளுத்துப்போய். சுண்டுவிரல் மட்டும் உள்பக்கமாக வளைந்திருக்கும். அது காதருடைய கை.

காதர் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். நான் அங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் மூன்று வருஷம் ஒப்பந்த வேலை பார்த்தபோது அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். சுண்டுவிரல் அந்த வண்டியில்தான் நசுங்கியது. ஊர் தெரியாத எனக்கு மலாய் சொல்லிக்கொடுத்தது, பேருந்து காட்டியது, காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வாங்கிவந்தது எல்லாம் அவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இருந்த அவன் மாமா கடைக்குப் போய் நாசி கண்டார் சாப்பிடுவோம். ஒரு தட்டுச் சோற்றின்மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றி மூழ்கடித்துத் தருவார்கள். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அப்படி ஒரு ஞாயிறு, தீவின் மூலையில் இருக்கும் தெலுக் பஹாங்கிலிருந்து ஒரு சின்னப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இருவரும் மீன் பிடிக்கப் போனோம். மத்தியானம் திடீரென்று காற்று. படகு கவிழ்ந்து முழுகியது. மீன் போட்டு வைக்கக் கொண்டுபோன ஐஸ் பெட்டி மட்டும் மிதந்தது. ஒருவர் பிடித்தால் மிதக்கும், இருவர் பிடித்தால் அமிழும். எவ்வளவு நேரம் அப்படியே தொங்கினோம் என்று தெரியாது. ஒரு பெரிய அலையில் என் மூக்குவரை தண்ணீர் வந்தது. நான் அவன் விரல்களைப் பிரித்துத் தள்ளினேன். ஒவ்வொன்றாக, நான்கையும். வளைந்த சுண்டுவிரல்தான் கடைசி வரை விடவில்லை.

அதற்குப் பிறகுதான், "தண்ணீர்மலையானே, கரை சேத்துடு, மொட்டை போட்டுப் பால்குடம் எடுக்கிறேன்" என்று கத்தினேன். முதலில் தள்ளினேன், பிறகு கும்பிட்டேன். அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது மீனவர்களின் படகு. அதன் பலகையில் காதரும் கிடந்தான், வாந்தி எடுத்துக்கொண்டு. அவனை எப்போது, எங்கே தூக்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவே தைரியம் இல்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒரே வாரத்தில், யாரிடமும் சொல்லாமல், ஊருக்கு வந்துவிட்டேன்.

ராஜிக்கு நான் சொல்லியிருந்தது பாதிக் கதை. படகு கவிழ்ந்தது, வேண்டிக்கொண்டேன், பிழைத்தேன், அவ்வளவுதான். "வேண்டுதலைப் பாக்கி வச்சதாலதான் இந்த அட்டாக்" என்று அவள் முடிவுகட்டி, என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் கிளம்பியது முருகனுக்காக மட்டும் அல்ல. காதரைக் கண்டுபிடித்து, அந்த நான்கு விரல்களுக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். முடிந்தால் ராஜிக்குத் தெரியாமல்.

இரண்டாம் நாள் காலை, பழைய ஃபேக்டரி நண்பரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் ராஜியிடம் சொல்லி, காதரின் மாமா கடையைத் தேடிப் போனோம். கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட காப்பிக் கடை, உள்ளே கேக். வெள்ளைக்கார ஜோடி ஒன்று காப்பியைக் குடிக்காமல் படம் பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் மேசை இருந்த மூலையில் ஒரு தொட்டிச்செடி. மாவு பிசைகிற சத்தம், "கூவா பஞ்சிர்!" என்று குழம்பு வெள்ளத்துக்குக் குரல் கொடுக்கிற சத்தம், பாங்கு சொன்னதும் ரேடியோவை அணைக்கிற மாமாவின் அவசரம், ஒன்றும் இல்லை. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எதிர்ப்பக்கம் தொப்பி விற்கும் பெரியவர் ஒருவர் என்னைக் கவனித்து, "என்னாங்க தம்பி தேடுறீங்க? பசியாறிட்டீங்களா?" என்றார். அந்த ஊரில் காலை உணவுக்குப் பசியாறுவது என்றுதான் பெயர், பேச்சின் வாலில் ஒரு 'லா'வும் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அறுபது வயது, அவர் தம்பி என்றதும் பாதி வயது குறைந்தது.

"காதர்னு ஒருத்தர். காதர் மொய்தீன்."

"எந்தக் காதர்? இந்தச் சாலையில 'காதர்'னு கூப்பிட்டா பத்துப் பேரு திரும்புவாங்க லா. பணம் மாத்துற காதர் இருக்காரு, ஐஸ் காதர் இருக்காரு, சாப்பாட்டுக் கடைக் காதர் இருக்காரு..."

"சாப்பாட்டுக் கடைதான், சாப்பாட்டுக் கடைதான்" என்றேன் அவசரமாக. மாமாவுக்குப் பிறகு கடை அவனிடம்தானே வந்திருக்கும்?

"அவரு மகளோட தாசேக் கெலுகோர் பக்கம் போய்ட்டாரு" என்று ஒரு தாளில் விலாசம் எழுதித் தந்தார். இவ்வளவு சுலபமா என்று தாளை இரண்டு தடவை படித்தேன். அன்று முழுவதும் ராஜி கடற்கரை, கோயில், பாசார் என்கிற சந்தை என்று சுற்ற, நான் பின்னாலேயே போனேன். பாசாரில் ஒரு சீனக் கிழவி எங்களைப் பார்த்து, "இவர் விரதம் இருக்கிறார், முட்டை போடாததைக் கொடு" என்று தன் மகனுக்கு மலாயில் சொல்லி, தேங்காய்ப்பால் வாசனையோடு ஆப்பம் சுடவைத்துத் தந்தாள். திருச்சியில் என் சொந்தச் சித்தப்பா மகன், "விரதமா? ஒரு கட்லெட் சாப்பிட்டா முருகன் கோச்சுக்குவாரா?" என்று கேட்டது ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் தாசேக் கெலுகோர். அக்கரைக்குப் படகில் போனோம். என் காலத்தில் மஞ்சள் நிறத்தில் பெரிய ஃபெர்ரி, கீழே கார்கள், மேலே நாங்கள், காற்று முகத்தில் அடிக்கும். இப்போது ஏசி போட்ட அடக்கமான படகு. கடலைப் பார்த்ததும் ஜன்னல் இருக்கையை விட்டு உள்பக்கம் நகர்ந்தேன். ராஜி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கரையில் ரயில் ஏறினோம். ஏசி, சுத்தம், உட்கார இடம், திருச்சி பாசஞ்சரில் தொங்கியே பழகிய எனக்கு ராஜா மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அறிவிப்பைக் கவனிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இரண்டு மலாய்ப் பெண்கள், "நாளைக்குத் தேர் வருது, சாலையெல்லாம் அடைப்பு. போன வருஷம் தேங்காய்ச் சில்லு ஏறி என் புருஷன் டயர் போச்சு" என்று பேசிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாஷை மறக்கவில்லையே என்ற பெருமை. நிபோங் திபால் என்ற பலகை வந்தபோதுதான் வடக்கே போக வேண்டியவன் தெற்கே போகிறேன் என்று உறைத்தது. "மூணு வருஷம் இருந்த ஊராம்" என்றாள் ராஜி, பொதுவாக ரயிலைப் பார்த்து.

திரும்பி, மாறி, பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களைக் கடந்து அந்த வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. கதவு தட்டும்போது என் நெஞ்சு அடித்த அடியில் இரண்டு ஸ்டென்ட்டும் வெளியே விழுந்திருக்கும். கதவைத் திறந்தவர் காதர்தான். ஆனால் என் காதர் இல்லை. உயரமாக, சிவப்பாக, எண்பது வயதில், வேறொரு காதர்.

"நான் தேடி வந்தது ஒங்கள இல்லைங்க, மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"அதனால என்னா? வந்தது வந்துட்டீங்க. நானும் காதர்தானே" என்று உள்ளே இழுத்து உட்கார வைத்தார். கழுத்து மாலையைப் பார்த்ததும் உள்பக்கம் திரும்பி, "ஆய்ஷா, விரதக்காரவங்க வந்திருக்காங்க. அந்தப் புதுச் சட்டியப் பிரி. கறிச் சட்டியத் தொடாத" என்றார். கடையிலிருந்து வந்து இன்னும் விலைச்சீட்டு ஒட்டியிருந்த சட்டியில் அவர் மகள் எங்களுக்காகப் பருப்பும் கீரையும் சமைத்தாள். வேறு காதர் வீட்டில், வேறு காதர் பரிமாற, நான் குனிந்து சாப்பிட்டேன். யார் என்றே தெரியாத ஆளுக்குப் புதுச் சட்டி பிரிக்கிறார்கள். நான் என்ன செய்தேன் என்று தெரிந்தால் பிரிப்பார்களா?

"நீங்க தேடுறவரு என்னா வேணும் ஒங்களுக்கு?" என்று கேட்டார் கிளம்பும்போது. "கூட்டாளி" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லவே கூசியது.

நான்காம் நாள் தேர். சாலையின் இரு பக்கமும் தேங்காய் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. வெள்ளித் தேர் நெருங்கியதும் எல்லாம் ஒரே சமயத்தில் உடைகிறது. இளநீர் முட்டிவரை தெறிக்க, சாலை வெள்ளைச் சேறாக ஆகிவிடுகிறது. பாதிப் பேர் சீனர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு லாரி நிறையத் தேங்காய் இறக்கி வைத்திருந்த சீனரிடம், என் மாரடைப்பைச் சொல்லி, மலாயில் பேச்சுக் கொடுத்தேன். "நுரையீரலில் கட்டி. டாக்டர் எடுத்துவிட்டார். நானும் பிழைத்துவிட்டேன்" என்றார். "பிழைத்த பிறகு வாழ்க்கையில் என்ன மாறியது?" என்று கேட்டேன். சாத்துக்குடி சொந்தக்காரர்கள் கேட்கிற மாதிரிக் கேள்வி என் வாயிலேயே வந்துவிட்டது. அவர் யோசித்தார். "ஒன்றும் மாறவில்லை. இன்னும் மனைவியோடு சண்டை போடுகிறேன். ஆனால் தேங்காய் உடைக்கும்போது நன்றாக இருக்கிறது" என்று என் கையில் ஒரு காயைத் திணித்தார்.

எனக்கு அந்தப் பதில் பிடித்தது. நானும் அப்படித்தான். கடலில் இருந்து வந்த அன்று, இனி யாரையும் கடிந்துகூடப் பேசமாட்டேன் என்று தெலுக் பஹாங் மணலில் படுத்துச் சத்தியம் செய்தேன். ஊருக்கு வந்த மூன்றாம் வாரம் பால்காரரோடு அடிதடி. உயிர் பிழைத்தால் மனுஷன் புதுசாகிவிடுவான் என்பதெல்லாம் சும்மா. பழைய ஆள்தான் திரும்பி வருகிறான், கூடுதலாக ஒரு பயத்தைச் சுமந்துகொண்டு. ஏன், எதற்காகப் பிழைத்தோம் என்று தெரியவேண்டுமானால், நான் தள்ளியவனைத்தான் கேட்க வேண்டும். அவனைத்தான் காணோம்.

தைப்பூசத்தன்று விடிந்ததும் மொட்டை போட்டுக்கொண்டேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன் என் தலையில் காடு மாதிரி முடியும், பெரிய மீசையும் இருந்தன. இப்போது மழிக்கிறவருக்கு வேலையே இல்லை. மஞ்சள் வேட்டி, தலையில் சந்தனம், அதன்மேல் பால்குடம். பக்கத்தில் ராஜி, கையில் என் மாத்திரைப் பை. "மூச்சு வாங்கினா சொல்லுங்க, வீரம் காட்டாதீங்க" என்று பத்தடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே வந்தாள்.

தண்ணீர்மலைக்குப் போகும் சாலை முழுக்கத் தண்ணீர்ப் பந்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு, ஒவ்வொன்றிலும் ரோஜாப்பால், மோர், சீனத் தேநீர். வெறுங்காலுக்குத் தார் சுடாமல் இருக்கக் குழாய் வைத்துச் சாலையை நனைக்கிறார்கள். கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டே போனது. ஒரு பந்தலில் யாரோ, "ஜாலான், ஜாலான், நிக்காதீங்க! வாங்கிக்கிட்டு நடங்க அண்ணே, வெயிலு சுடுது" என்று கத்திக்கொண்டே ஒரு டம்ளரை என் முன் நீட்டினார்.

நான் டம்ளரைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

எட்டு மாதமாகக் கண்ணை மூடினால் வந்த கை, இதோ, தோல் சுருங்கி, ரோஜாப்பாலோடு. நிமிர்ந்தேன். நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி, அதே அகலமான முகம். அவன் என் முகத்தைக் குனிந்து உற்றுப் பார்த்தான். ஒரு விநாடி. பிறகு எனக்குப் பின்னால் வந்த மொட்டைத் தலையையும் அப்படியே உற்றுப் பார்த்து, அவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினான். என்னை அடையாளம் தெரியவில்லை.

பால்குடத்தை ஊற்றும்வரை இறக்கக் கூடாது, அதனால்தான் நிற்கவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயம். அவன் கையால் வாங்கியதைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கூடையில் போட்டுவிட்டு நடந்தேன். இரண்டாம் தடவையாக அவனை விட்டுவிட்டுப் போனேன்.

ஐந்நூறு படிக்கு மேல். எப்படி ஏறினேன் என்றே தெரியவில்லை. பால் ஊற்றி, தீபாராதனை பார்த்து, கும்பிட்டு நிமிர்ந்தபோது மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். குடம்தான் லேசாகியிருந்தது. இறங்கும் வழியில் மர நிழலில் ஒரு படியில் உட்கார்ந்தேன்.

"நெஞ்சு வலிக்குதா?" ராஜி பதறிப்போய் மாத்திரையை எடுத்தாள்.

"இல்ல. கீழ ரோஜாப்பால் குடுத்தார் இல்ல, தொப்பி போட்டவர். அவர்தான் காதர்" என்றேன். பிறகு மீதிப் பாதிக் கதையையும் சொன்னேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்ததைச் சொல்லும்போது அவள் பக்கம் பார்க்கவில்லை.

ராஜி மாத்திரையைப் பையில் போட்டு மூடினாள். எங்களைத் தாண்டி முருகா முருகா என்று ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

"அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"அதுக்குத்தான் வந்தேன். பாத்ததும் பேச்சு வரல."

"ஓஹோ. முருகன்கிட்ட பாலை ஊத்திட்டு, அந்த மனுஷன் குடுத்த தண்ணிய வாங்கிக் குடிச்சிட்டு, வாயத் தொறக்காம வந்திருக்கீங்க." அவள் குரல் உடைந்தது. கோபமா அழுகையா தெரியவில்லை. "இருபத்தாறு வருஷமா என்கிட்டயும் சொல்லாம... என்ன ஆளுங்க நீங்க? வெக்கமா இல்ல? எந்திரிங்க. சாமிகிட்ட சொன்னது போதும். ஆளுகிட்டச் சொல்லுங்க."

இறங்கினோம். வீரம் காட்டாதீங்க என்றவள்தான் இப்போது என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். கீழே எல்லாப் பந்தலும் ஒரே மாதிரி இருந்தன. ஒரே மஞ்சள் துணி, ஒரே வாழைமரம், ஒரே சத்தம். மூன்று பந்தல்களில் விசாரித்தோம். "தொப்பி போட்டவரா? ஐஸ் காதரா இருக்கும் லா. பழைய ஃபேக்டரி ஆளுங்க பந்தலுக்கு அவருதான் வருஷா வருஷம் ஐஸ் கொண்டாருவாரு. ஐஸ் முடிஞ்சிருச்சு, கெளம்பிருப்பாரு" என்றார் ஒருவர். ஐஸ் காதர். தொப்பிக் கடைப் பெரியவர் இரண்டாம் நாளே சொன்ன காதர். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன், சந்தனம் கையோடு வந்தது.

காதர் கிளம்பவில்லை. ஒரு சின்ன லாரியின் பின்னால் பெரிய ஐஸ் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தான்.

"காதர்" என்றேன்.

"ஐஸ் முடிஞ்சிருச்சு அண்ணே, பக்கத்துப் பந்தல்ல..." என்று திரும்பியவன் நின்றான். முகத்தைப் பார்த்ததில் தெரியாதது குரலில் தெரிந்துவிட்டது. "அலாமாக்! டேய்... சந்திரா? முடி எங்கடா? மீசை எங்கடா?"

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. "அன்னிக்குக் கடல்ல ஒன் கைய நான்தான் தள்ளிவிட்டேன். தெரிஞ்சேதான் தள்ளினேன். அதச் சொல்லத்தான் வந்தேன்" என்று கொட்டிவிட்டு, சாலை நடுவில், மொட்டைத் தலையோடு, குழந்தை மாதிரி அழுதேன்.

காதர் என்னை நிழலுக்கு இழுத்து, கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார வைத்தான். "தெரியும் லா" என்றான். "எனக்குத் தெரியாதா? என் கையி. ஒரு வருஷம் ஒன் பேரச் சொன்னாலே கோவம் வரும். அப்புறம் அது போயிருச்சு. ஆனா நீ அதைத் தூக்கிக்கிட்டே திரியுவேன்னு தோணுச்சு. விலாசமும் இல்ல. நீ தண்ணீர்மலைக்கு நேந்துக்கிட்டுக் கத்துனது மட்டும் காதுல இருந்துச்சு. கடல்ல நேந்துக்கிட்டவன் ஒருநாளு வராமயா போயிருவான்? அதான் ஃபேக்டரி ஆளுங்க பந்தல் போட்டப்ப, ஐஸ் நான் கொண்டாரேன்னேன். வருஷா வருஷம் ஒவ்வொரு மொட்டையா பாத்து... பள்ளிவாசல்ல ஒருத்தரு கேட்டாரு, ஒனக்கு அங்க என்னாப்பா வேலைன்னு. தாகத்துக்குத் தண்ணி குடுக்குறேன், கூட்டாளிக்குக் காத்திருக்கேன், ரெண்டும் நல்ல வேலைதானேன்னு சொன்னேன்."

"காலையில என்னைப் பாத்தே காதர்."

"பாத்தேனா?" என்று வாயைப் பிளந்தான். "சத்தியமா தெரியலடா. ஒல்லியா, மீசையோட ஒருத்தனத்தானே தேடிக்கிட்டிருந்தேன்."

ராஜி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இவர் தள்ளிவிட்டதுக்கு அப்புறம் நீங்க எப்படிண்ணே பிழைச்சீங்க?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் நான் கேட்கத் துணியாத கேள்வி.

காதர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தான். "இவன் சொல்லலயா தங்கச்சி? நான் தண்ணி குடிச்சு உள்ள போய்க்கிட்டிருக்கேன். இவன் பெட்டியோட காலால அடிச்சுக்கிட்டு வந்தான். என் சட்டைக் காலரைப் புடிச்சான் பாருங்க, மீன்காரங்க வந்து பிரிக்கிற வரைக்கும் விடல. தள்ளுனப்ப வலிக்கல, இழுத்தப்பதான் கழுத்து அறுந்துச்சு. இந்தா பாருங்க" என்று தாடியைத் தூக்கிக் காட்டினான். கழுத்தில் மெல்லிய கோடு ஒன்று இருந்தது. வயசான கழுத்தில் எத்தனையோ கோடுகள்.

எனக்கு அது ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தாலும் தள்ளியது வரைக்கும்தான் வருகிறது, இழுத்தது வரவில்லை. அவன் சொன்னது நடந்ததா, என் மொட்டைத் தலையைப் பார்த்து இரக்கப்பட்டு அங்கேயே செய்த கதையா, இதை எழுதும்போதும் எனக்குத் தெரியாது. திரும்பக் கேட்கவும் இல்லை. ஒருத்தன் எனக்காக வெயிலில் வருஷக்கணக்காக நின்றான், அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

"வெரதம் முடிஞ்சிருச்சா?" என்றான் காதர்.

"முடிஞ்சுது."

"அப்ப ஏறு லாரில. மீன் தலைக் கறி. மாமா கடை போனாலும் கை போகல, இப்ப நான் வீட்டுல ஆக்குறேன்."

"எண்ணெய் கூடாது இவருக்கு" என்றாள் ராஜி. "இன்னிக்கு ஒருநாள் கொஞ்சமா" என்று அவளே திருத்தினாள்.

காதர் ஐஸ் பெட்டியைக் காட்டினான். "மொதல்ல இதைத் தூக்கு. முதுகு போச்சு எனக்கு."

"அதே பெட்டியா?" என்றேன்.

"கிறுக்காடா ஒனக்கு? அதை அன்னிக்கே மீன்காரன் கொண்டுபோய்ட்டான்."

கனம் தூக்கக் கூடாது என்று ராஜி ஓடிவந்தாள். உருகிய தண்ணீரையெல்லாம் சாலையில் கவிழ்த்தோம், யாரோ நடந்து போகிறவர்களின் பாதங்களுக்கு. காலிப் பெட்டியின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான், எதிர்ப்பக்கத்தை நான் பிடித்தேன். விளிம்பில் அவனுடைய நான்கு விரல்களும் தெரிந்தன, சுண்டுவிரல் வளைந்து. லாரியில் ஏற்றி, அவன் போதும் என்று சொல்லும்வரை நான் என் பக்கத்தை விடவில்லை.